பட்டுக்குள்ளே சாக்கு

யுத்த காலத்தில் எங்கள் கடற்கரையில் பொழுது சாய்ந்த பிறகு விளக்கு வைக்கக் கூடாது என்று உத்தரவு இருந்தது. அதனால் கோயில் திருநாளுக்கு விடிய விடிய நடக்கிற நாடகத்தை அந்த வருஷம் பட்டப்பகலில் போட்டார்கள். இருட்டில் போட்டிருந்தால் எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

நாடகம் ஸ்பெயின் தேசத்துக் கர்தினால் ஒருவரைப் பற்றியது. நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியவர். பங்குச் சுவாமியார் சொன்ன கதையை நாடகம் பழக்கும் அண்ணாவியார் பாட்டாகக் கட்டியிருந்தார். அந்தக் கர்தினால் முதலில் ஏழைத் துறவி. ராணி தன் பாவங்களைச் சொல்ல, அந்தப் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கப் போனவரை, அவர் மாட்டேன் மாட்டேன் என்றும் கேளாமல், குருக்களுக்கெல்லாம் மேலான பெரிய மேற்றிராணியார் ஆக்கிவிட்டார்கள். பிறகு ராஜ்ஜியமே அவர் கைக்கு வந்தது. கடல் தாண்டிப் படை கொண்டுபோய்க் கோட்டை பிடித்தார். அந்தக் கட்டத்துக்காக மேடையில் நிஜ வள்ளத்தையே இழுத்து வைத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அதுதான் ரொம்பப் பிடித்த கட்டம்.

ஆனால் கதையின் உயிர் வேறு இடத்தில் இருந்தது. பதவிக்கு ஏற்றபடி உடுத்த வேண்டும் என்று ரோமாபுரிப் பாப்பானவர் கட்டளையிட்டதால் அவர் பட்டு உடுத்துவார். ஒருநாள் பிரசங்கம் செய்கிற ஒருவர் பீடத்தில் நின்று, ஏழைத் துறவிக்கு இந்தப் பட்டு எதற்கு என்று எல்லார் முன்னும் ஏசுவார். கர்தினால் ஒரு வார்த்தை பேசாமல் பட்டைத் திறந்து காட்டுவார். உள்ளே முரட்டுச் சாக்கு.

கர்தினால் வேஷம் என் வீட்டுக்காரருக்கு வந்தது. அவர் சங்கு குளிக்கிறவர். நாடகத்தில் ஒவ்வொரு அடியும் நீளம், ஒரே மூச்சில் பாட வேண்டும். அதனால் பெரிய வேஷமெல்லாம் குளியாட்களுக்குத்தான் போகும்.

அந்த நாளில் துணிக்குப் பட்ட பாட்டைச் சொன்னால் இப்போது நம்பமாட்டார்கள். கடை அண்ணாச்சியிடம் ரேஷன் கார்டைக் காட்டி வெயிலில் நின்றாலும், எங்கள் முறை வரும்போது துணி தீர்ந்திருக்கும். முத்துக் குளிப்பு நடந்து வருஷங்கள் ஆகியிருந்தன. சங்குக்கும் கண்ட நேரத்தில் கடலில் போக விடவில்லை. என்னிடம் இருந்த நூல் சேலைகளில் ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் ஒட்டுமேல் ஒட்டு. வேலிக்கு வெளியே அதோடு போக முடியாது. இன்னொன்று மாதுளம்பூச் சிவப்பில் என் கல்யாணப் பட்டு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பட்டு உடுத்திப் பூசைக்குப் போனேன்.

அதற்குள் கட்ட உள்பாவாடை இல்லை. அரிசி வந்த சாக்கு ஒன்றைப் பிரித்து, துவைத்துத் துவைத்து மெதுவாக்கி, பாவாடையாகத் தைத்துக்கொண்டேன். அதிலிருந்த நீல நட்சத்திர முத்திரை மட்டும் எத்தனை துவைத்தும் போகவில்லை. அவர் மனசு கஷ்டப்படும் என்று அவர் கண்ணில்கூடப் படாமல் பார்த்துக்கொண்டேன். ஒருதரம் அது வேலியில் காயும்போது பக்கத்து வீட்டு மைனி பார்த்து, என்ன அது என்று கேட்டாள். விறகு நனையாமல் மூட என்று சொன்னேன்.

அந்த மைனிக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு ஞாயிறு கோயில் வாசலில் நாலு பெண்கள் கேட்கும்படி, "எங்களுக்கெல்லாம் பட்டு கட்டுற பாஸ்குத் திருநாள் வருஷத்துக்கு ஒருக்கத்தான் வருது. நம்ம மைனிக்கு வாரா வாரம் பாஸ்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஞ்ச காலத்தில் பகட்டு ஆகாது என்று சுவாமியார் பொதுவாகப் பிரசங்கம் வைத்த அன்று, அவர் யாரையும் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் முழுவதும் என்னைப் பார்த்தது. இல்லாதவள் என்று பேசுவதைவிடப் பகட்டுக்காரி என்று பேசட்டும் என இருந்துவிட்டேன்.

திருநாளுக்கு முந்தின நாள் அண்ணாவியார் வாசலில் வந்து நின்றார். கர்தினாலுக்குச் சிவப்புப் பட்டு ஊரிலேயே வேறு எங்கும் இல்லையாம். நான் வாய் திறக்குமுன் என் வீட்டுக்காரர், "அதுக்கென்ன, எடுத்துக் குடு ஏளா. பெட்டியில தூங்குறதுக்கா வச்சிருக்கு?" என்றார். அதை விட்டால் வெளியே உடுத்த எனக்கு வேறு இல்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. பெட்டியைத் திறந்து, அவசரத்தில் மடிப்பை அப்படியே எடுத்து, ஓலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் நாடகம் பார்க்கப் போகாமல் இருக்கவும் முடியாது. வேஷம் கட்டுகிறவர் பெண்சாதி. ஒட்டுச் சேலைக்குள் கட்டப் பாவாடையைத் தேடினேன், காணவில்லை. நேரமாயிற்று என்று அப்படியே போய், கரையில் ஏற்றிக் கிடந்த ஒரு வள்ளத்தின் மறைவில், ஒட்டெல்லாம் உள்ளே போகும்படி ஒடுங்கி உட்கார்ந்தேன். மைனி என்னைக் கண்டுபிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என் சேலையை ஒருதரம் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் என் பட்டைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றபோது எனக்கே அவர் வேறு ஆளாகத் தெரிந்தார். பிரசங்கி ஏசினார். அவர் தலைகுனிந்து கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் பட்டை விலக்கினார்.

வெயிலில் நீல நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது.

பட்டையும் சாக்கையும் ஞாயிறுதோறும் சேர்த்தே உடுத்தி, சேர்த்தே மடித்து வைத்துப் பழகியவள், சேர்த்தே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அண்ணாவியார், நான் உள்ளங்கியையும் மறக்காமல் அனுப்பிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டு, தலை நுழையப் பிரித்துவிட்டிருக்கிறார். நாடா கோத்த மடிப்பு என் வீட்டுக்காரர் நெஞ்சுக்குக் குறுக்கே தொங்கியது. கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டு அழுதது. எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. மைனி மேடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி இது ஊர் முழுக்கப் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேஷம் கலைத்து வந்த என் வீட்டுக்காரர், "சாக்குன்னா உடம்பெல்லாம் அரிக்கும்னு பயந்தேன், இது மெத்துன்னு இருந்துச்சி. எங்கன புடிச்ச?" என்றார். கிடைத்தது என்று சொல்லி வாங்கி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு, பிரித்த இடத்தைத் தைத்துச் சாக்கைக் கட்டி, முகச்சாயம் ஒட்டின பட்டை அதன்மேல் உடுத்திக் கோயிலுக்குப் போனேன். வாசலில் எல்லாப் பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். வழி விட்டார்கள். மைனி என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் முழங்காலில் இருத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"மைனி, நீங்க அந்தக் கர்தினால் கணக்கா உள்ளுக்குள்ள தவம் பண்ணுதீயன்னு தெரியாமப் போச்சே. வெறகு மூடன்னு சொல்லி மறைச்சிட்டியளே. நான் வேற வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

இல்லை மைனி, எனக்கு வேறு துணி இல்லை என்று ஒரு வார்த்தைதான். நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெரிய மனுஷர் எல்லாம் இருந்தும் வேண்டுமென்று சாக்கை உடுத்தினார். எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. இரண்டையும் ஒன்றாக நினைத்து அவள் என் கையைக் கண்ணில் ஒற்றுகிறாள். பகட்டுக்காரி என்ற பேரை நான் தாங்கினேன். இந்தப் பேரைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

"எங்க வீட்டு அவுகளுக்குக் காதுல ரத்தம் வருது. கடல்ல எறங்க முடியல. உங்க செபம் ஏறும் மைனி. ஒரு வார்த்தை வேண்டிக்கிடுங்க" என்றாள்.

அவள் புருஷனும் குளியாள்தான். நடுப்பூசை மணி அடித்தது. தலையைக் குனிந்து, அவர் காது குணமாக வேண்டும் என்று மாதாவிடம் மனசார வேண்டினேன். அதே மூச்சில், எனக்கு ஒரு நூல் சேலை என்றும் வேண்டிவிட்டேன். பக்கத்தில் மைனி என் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முக்காட்டை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொண்டேன்.