பிரேக் அக்கா வீடு விற்ற கதை

பக்கத்து வீட்டு அக்காவுக்கு பிரேக் அக்கா என்று பெயர் வைத்தவள் நான்தான். பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். அவளுடைய காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. நாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி போய்க்கொண்டிருப்போம். திடீரென்று வண்டி குலுங்கி நிற்கும். "என்னக்கா?" என்றால், "பூனை" என்பாள். அந்தப் பூனையை நாம் பார்த்தே இருக்க மாட்டோம். என் கணவர் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று ஒரு வாரம் கத்தியதில் இருந்த தைரியமும் போயிருந்தது. அக்காதான் என்னைத் தேற்றி, திட்டி, சாலையில் இறக்கிவிட்டாள். நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றால் அது அவள் புண்ணியம்.

எங்கள் வீடுகள் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக இருப்பவை. எல்லாவற்றுக்கும் ஒரே வெளிர் மஞ்சள் சுவர், ஒரே பழுப்புக் கேட். என் வீட்டுக் கேட் எனக்குப் பிடித்த நிறத்தில் இருக்கக் கூடாது என்று சொல்வதற்கு ஒரு அசோசியேஷன். அதற்கு மாதாமாதம் பணம் கட்டுவதும் நான்தான். வாங்கும்போதே கையெழுத்துப் போட்டாயிற்று, இப்போது புலம்பி என்ன பிரயோஜனம்?

அக்காவுக்கு ஒரே மகன். அவனை எல்லோரும் துரை என்றுதான் கூப்பிடுவோம். நிஜப் பெயர் அதுவல்ல. மாடியை விட்டு இறங்க மாட்டான், எல்லாம் அவன் இருக்கும் இடத்துக்கு வந்து சேர வேண்டும், அதனால் துரை. பள்ளிக்கூட நாளிலேயே பால்கனியில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றில் வாளியைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டான். பால், பேப்பர், கூடப் படிக்கிற பையனின் நோட்டு எல்லாம் அதில்தான் ஏறும். சில நாள் வாளியில் தண்ணீர் ஏற்றுவான். பாதி என் வாசலில் கொட்டும். நான் காட்டுக் கத்தல் கத்தினால், "மழைன்னு நினைச்சுக்கோங்க ஆன்ட்டி" என்பான் மேலேயிருந்து. அசோசியேஷன் நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்பியது. அக்கா மீட்டிங்குக்கே போய், "முன்பக்கம் துணி காயப்போடக் கூடாதுன்னுதானே ரூல்ல இருக்கு? வாளி துணியா?" என்று கேட்டாள். தலைவர் அவசரமாக அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டார்.

காலேஜுக்குப் போன இரண்டாம் வருஷம் அவனுக்கு ரத்தத்தில் வியாதி என்று கண்டுபிடித்தார்கள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். கடைசியில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மாடி அறையில்தான் அவனை வைத்திருந்தாள். ஒரு நாள் காலையில், அக்கா அவன் தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டான். அவள் கூப்பிட்ட குரல் எனக்கு என் வீட்டுச் சமையலறையில் கேட்டது. அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அக்காவின் கணவரை நான் மாமா என்பேன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவர். அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பிறகு அவர் மாடிப்படியில் கால் வைக்கவில்லை. ஹால் சோபாவில்தான் படுக்கை, அதுவும் பெயருக்கு. வேலை முடிந்து வந்தால் தன் வேனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். அக்கா போய்க் கதவைத் தட்டிக் கூட்டிவர வேண்டும். ஆள் துரும்பாகிவிட்டார். ஒரு நாள் யார் வீட்டிலோ ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தபடியே மயங்கி விழுந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

மறுநாள் அக்கா என்னிடம் வந்து, "வீட்டை வித்துடலாம்னு இருக்கோம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் படுப்பதே துரையின் அறையில்தான் என்று எனக்குத் தெரியும்.

"உங்களால முடியுமாக்கா?"

"என்னால முடியாது. ஆனா அவரால இந்த வீட்டுல இருக்க முடியாது. ஒருத்தன் போயிட்டான். இருக்கறவரையாவது காப்பாத்த வேண்டாமா?"

எங்கள் காம்பவுண்டில் ஒரு வீட்டை விற்பது கல்யாணம் நடத்துவதைவிடப் பெரிய பாடு. எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அசோசியேஷன் கடிதம் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு பேர் வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் குறை எழுதுவார்கள். கேட்டில் பெயிண்ட் உரிந்திருக்கிறது என்றார்கள். பின்பக்கக் குழாயில் கசிவு என்றார்கள். அப்புறம் பால்கனியை அண்ணாந்து பார்த்து, கப்பியைக் கழற்ற வேண்டும் என்றார்கள். இந்தத் தடவை அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, அவளே ஏறிக் கழற்றினாள். துருப்பிடித்த ஸ்க்ரூ லேசில் வரவில்லை. சுவரில் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. பெயிண்டர் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மஞ்சள் அடித்தார். அறைக்குள்ளும் மருந்து வாசனை போகட்டும் என்று வெள்ளை அடிக்கச் சொன்னார் புரோக்கர். கட்டில் போயிற்று, அலமாரி காலியாயிற்று. துரையின் சட்டைகளை அக்கா ஒரு பெட்டியில் அடுக்கினாள். எதையும் முகர்ந்து பார்க்கவில்லை, அழவில்லை. நாளைக்கு ஊருக்குப் போகிற பையனுக்கு அடுக்குவது போலக் காலரை நீவி நீவி அடுக்கினாள்.

இதற்கு நடுவில் அசோசியேஷன் தலைவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஒரு சின்ன விஷயம். வீடு பார்க்க வர்றவங்க அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க. அங்க நடந்ததை நாம பெருசா சொல்லிக்க வேண்டாம். வயசுப் பையன் போன வீடுன்னு தெரிஞ்சா விலை விழுந்துடும். ஒரு வீட்டு விலை விழுந்தா நம்ம எல்லாருக்கும்தானே நஷ்டம்?"

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "ஏன் சார், காம்பவுண்டுக்குள்ள யாரும் சாகக் கூடாதுன்னு ஒரு ரூல் போட்டுடுங்களேன். நீங்களே முதல்ல கையெழுத்துப் போடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த நோட்டீஸ் எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. வரட்டும் என்று கதவைச் சாத்தினேன்.

புரோக்கரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். என்ன, கொஞ்சம் தேன் தடவிச் சொன்னார். "பையன் எங்கன்னு கேட்டா, வெளியூர்ல வேலையில இருக்கான்னு சொல்லிடுங்கம்மா. பொய்னு நினைக்காதீங்க, சும்மா ஒரு பேச்சுக்கு." அக்கா அவரைச் செருப்பைத் தூக்கி அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "நீயே சொல்லிடு. எனக்கு வராது" என்றார். "சரி" என்றாள் அக்கா.

அப்போது என் வண்டி ஒர்க் ஷாப்பில் கிடந்ததால், காலையில் அக்காதான் என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுவிடுவாள். போகிற வழியில் ஒத்திகை நடக்கும்.

"வெளியூர்ல வேலைன்னு சொல்லிடுவேன். என்ன வேலைன்னு கேட்டா?"

"கம்ப்யூட்டர்னு சொல்லுங்க."

"அவனா? ஒரு இடத்துல உக்கார்ந்து கம்ப்யூட்டரை முறைச்சுக்கிட்டு இருப்பானா? பாலம் கட்டற கம்பெனின்னு சொல்றேன்."

அடுத்த நாள் அவனுக்கு ஒரு ரூம் கிடைத்திருந்தது, கூட இரண்டு பையன்கள். அதற்கடுத்த நாள் ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கொஞ்சம் இளைத்திருந்தான். காலையில் எழுந்திருக்காமல் மேனேஜரிடம் திட்டு வாங்கினான். வார இறுதியில் போன் செய்தால் எடுப்பதில்லை. "ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்குன்னு நினைக்கறேன். எங்கிட்ட மறைக்கறான், கள்ளன்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சில பேர் வந்து பார்த்தார்கள். தண்ணீர் வருமா, பார்க்கிங் எத்தனை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மகனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர்கள் கிளம்பியதும் அக்காவின் முகம் வாடிப்போவதை நான் கவனித்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் இளம் தம்பதி வந்தார்கள், கூட அந்தப் பெண்ணின் அம்மா. டீ போட நான் போயிருந்தேன். அவர்களுக்கு மாடி அறை ரொம்பப் பிடித்துவிட்டது. வெளிச்சம் நன்றாக வருகிறது, குழந்தைக்கு ஆகும் என்று பேசிக்கொண்டே இறங்கி வந்தார்கள். அந்த அம்மாள் நல்ல மனுஷி, கபடம் இல்லாதவள். டீயை வாங்கிக்கொண்டு, "இவ்வளவு பெரிய வீட்டுல நீங்க ரெண்டு பேர் மட்டுமா? பசங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மகன் பரீட்சையில் பாஸ் என்று சொல்லப்போகிறவள் மாதிரி இருந்தாள். வாயைத் திறந்தாள்.

"எங்களுக்குக் குழந்தை இல்லைங்க" என்றார் மாமா, சோபாவில் இருந்தபடி.

சொல்லும்போது அவர் குரல் நடுங்கவே இல்லை. அந்த அம்மாள் உச்சுக்கொட்டினாள். எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசை விட்டுடாதீங்கம்மா. பெத்தவங்க மட்டும் என்ன சுகப்பட்டுட்டாங்க?" என்றாள்.

அக்கா அவளையே பார்த்தாள். "ஆமாங்க" என்றாள்.

அவர்கள் போன பிறகு அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ கண்ணாடி முன்னாடி நின்னு பேசறதெல்லாம் எனக்கும் காதுல விழுது. அவனுக்கு வேலை வாங்கிக் குடுத்துட்டே. ரூம் பார்த்துட்டே. பொண்ணும் பார்த்துட்டே. நீ ஒவ்வொண்ணா சொல்லும்போது எனக்கு அவன் திரும்பத் திரும்பச் சாகறான். பொறக்கவே இல்லன்னு சொல்லிட்டா ஒரேயடியா முடிஞ்சுபோச்சு. என்னால இவ்வளவுதான் முடியும். என்னை மன்னிச்சுடு."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அக்காவைப் பார்க்கவும் முடியவில்லை. யாரும் கேட்காமலே டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

வீட்டை அவர்களே வாங்கினார்கள். நல்ல விலை என்று தலைவருக்கு வாயெல்லாம் பல். அக்காவும் மாமாவும் நகரத்தின் மறுகோடியில் தரைத்தளத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போனார்கள். மாடிப்படி இல்லாத வீடாகத் தேடிப் பிடித்தது.

சில மாதங்கள் கழித்து, அவ்வளவு தூரம் ஓட்டப் பயந்து, நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். மாமாவை அடையாளம் தெரியவில்லை. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்குகிறாராம். பக்கத்து ஃபிளாட் குழந்தைகள் இரண்டு அவர் தோளில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. அவற்றை அழைத்துப்போக வந்த தாய் என்னிடம், "பாவம், இவங்களுக்குக் குழந்தை இல்லாத குறையே எங்க பசங்களால தீர்ந்துபோச்சு" என்றாள். மாமா சிரித்தார். நான் சுவர்களைப் பார்த்தேன். ஒரு போட்டோ கிடையாது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. மென்று விழுங்கிவிட்டேன்.

சாயங்காலம் அக்காவே என்னைக் காரில் கொண்டுவிடக் கிளம்பினாள். பெரிய சாலையில் திரும்பியதும் கண்ணாடியை ஏற்றினாள்.

"அந்தப் பொண்ணைப் பத்தி எங்கிட்டச் சொல்லிட்டான்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன்.

"எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு நினைக்காதே. அவன் இல்லன்னு எனக்குத் தெரியாதா? இந்தக் கையாலதானே அவன் கண்ணை மூடினேன். ஆனா இப்ப இருக்கற வீட்டுல அவன் பொறக்கவே இல்லடி. அவர் நல்லா இருக்கார், நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. இந்த வண்டிக்குள்ள மட்டும் அவன் இருந்துட்டுப் போகட்டுமே."

நான் வாயாடி. எங்கள் காம்பவுண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எதிரே வந்த வண்டிகளின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து விழுந்து போயிற்று. அவள் காத்திருந்தாள்.

"பொண்ணு எப்படியாம்க்கா? அவனுக்கு ஏத்தவளா?" என்று கேட்டேன்.

"சரியான வாயாடியாம்" என்று ஆரம்பித்தாள் அக்கா.