மங்களம் அக்கா வீட்டில் கேட்கக் கூடாத கேள்வி

சென்ற ஞாயிறு மாலை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கேள்வியால் ஒரு கூட்டமே கலையப் பார்த்தது. கேட்டவர் நல்லவர்... கேள்வியும் நாம் தினமும் கேட்பதுதான்.

மங்களம் அக்கா வீட்டில் மாதம் ஒரு முறை சிலர் கூடுகிறோம். எல்லோருக்கும் மலாயாவில் ஓர் ஆள் உண்டு. அக்காவுக்குக் கணவர், எனக்குத் தம்பி. ஜப்பான்காரன் அங்கே புகுந்த நாள் முதல் கடிதம் இல்லை. இருக்கிறார்களா, இல்லையா? அதை வாய்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டாமா? தேநீரை அக்கா தருவார். ரேஷன் காலம், சீனியை நாம் கொண்டுபோக வேண்டும்.

வாசலில் ஒரு சட்டம். ஊர், தகப்பன் பேர், உத்தியோகம் — மூன்றையும் செருப்போடு வெளியே விட வேண்டும். ஏன்? நம்மவரிடம் ஊரைச் சொன்னால் போதுமே... தேநீர் ஆறுமுன் சாதி, சீதனம், சித்தப்பாவின் காணி வழக்கு எல்லாம் வந்துவிடும். பிறகு எவர் வாயைத் திறப்பார்?

அன்று கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் இளம் பெண் புதிதாக வந்திருந்தார். ஏதோ சொல்லத் தொடங்குவார், நிறுத்திவிடுவார். அவருக்கு உதவுவதாக நினைத்து, தெஹிவளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகக் கேட்டார்:

“பிள்ளை எந்த ஊர்? ஆற்ற மகள்? தேப்பன்ர பேர் என்ன?”

அவ்வளவுதான். பெண் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மாஸ்டர் திகைத்துப்போனார். பாவம், அவர் அகராதியில் அதற்குப் பெயர் உபசாரம்.

இங்கிருந்தே இப்படிப் போகிறவர், இனி எந்த வீட்டில் சொல்வார்?

அக்கா அவரை மறிக்கவில்லை. மாஸ்டரைக் கடியவும் இல்லை. தேநீரை ஊற்றிக்கொண்டே, தன் பாட்டில் சொன்னார்:

“என்ர மனுசன்ர கடிதம் வரேல்லை எண்டு எல்லாரும் இரக்கப்படுறியள். சண்டைக்கு முந்தியே அவர் எழுதிறதை விட்டிட்டார். அதுக்கு ஜப்பான்காரன் என்ன செய்வான்?”

சிரிப்பதா என்று தெரியாமல் மாஸ்டர் சீனி போடாத தேநீரைக் கிண்டினார். பின்புறம் ரயில் ஒன்று வீட்டை உலுக்கிக்கொண்டு போயிற்று.

பெண் கதவடியிலிருந்து திரும்பி வந்து, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நான் சொன்னா ஒருத்தரும் பிழையா நினைக்க மாட்டீங்களே?”

“சொல்லு பிள்ளை,” என்றார் மாஸ்டர். அதன்பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருட்டும் வரை அந்தப் பெண் பேசினார்.

விடைபெறும்போது, பத்திரிகைக்காரன் புத்தி — எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

“என்ர கதையை எழுதும். அவவின்ர கதை அவவின்ர.”

ஆகவே இந்த வாரம் பத்தி சற்றுக் குறுகியிருந்தால், மன்னியுங்கள்... மீதி இடம் அந்தப் பெண்ணுடையது.