நான் தொட்டுக் காட்டிய ஆள்

என் கணவர் சண்முகலிங்கம் முப்பத்தொரு வருடமாகக் கொழும்பில் குற்றவியல் வழக்குகள் பேசுகிறார். வெள்ளவத்தையில் சட்டத்தரணியின் மனைவி என்றால் கார், பங்களா என்று நினைப்பீர்கள். எங்களிடம் இருப்பது மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாட், லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. அவரைத் தேடி வருகிறவர்கள் கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கத்துத் தாய்மார். சந்தேகத்தில் பிடிபட்ட பிள்ளை, பிணை நிற்க ஆள் இல்லாமல், தீர்ப்புக்கு முதலே மாதக்கணக்கில் விளக்கமறியல் சிறையில் கிடப்பான்.

அவருக்கு அரசியலமைப்பின் பதின்மூன்றாம் உறுப்புரைதான் வேதம். நிரூபிக்கும் வரைக்கும் ஒருவன் நிரபராதி. இதை நீதிமன்றத்திலேயே விட்டுவிட்டு வந்தால் நான் ஏன் வாய் திறக்கப் போகிறேன்? எங்கள் வீட்டில் யாரையும் கள்ளன் என்று சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுப் பூனை பொரித்த மீனைத் தூக்கிக்கொண்டு போனது என்றால், "நீர் கண்ணால கண்டனீரோ?" என்று கேட்கிற மனிதர். பிணைச் சட்டத்தைத் திருத்துங்கள், அடையாள அணிவகுப்பு நடத்தும் முறையை மாற்றுங்கள் என்று ஆணைக்குழுக்களுக்கு எழுதி எழுதி அனுப்புவார். பதில் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

போன பெப்ரவரியில் ஒரு கலியாண வீட்டுக்கென்று வங்கி லொக்கரில் இருந்து தாலிக்கொடியை எடுத்துப் போட்டிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாமன்கடைப் பக்கத்து ஒழுங்கையால் நடந்து வருகிறேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், பின்னால் இருந்தவனுக்கு ஹெல்மெட் இல்லை. ஒரே இழுவை. நான் ரோட்டில் கிடந்தேன், கொடி போய்விட்டது.

இரண்டு கிழமை கழித்து ஒரு பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்தார். என் கணவர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். வந்தவர் நல்ல மரியாதையான ஆள், தேத்தண்ணி கொடுத்தேன். ஒருவனைப் பிடித்திருக்கிறோம் என்று போனை என் பக்கம் நீட்டி, "மேயாத அக்கே?" என்று சிங்களத்தில் கேட்டார், இவனா அக்கா என்று. படத்தில் மெலிந்த ஒருவன், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. "மேயா தமய் மல்லி" என்றேன், இவனேதான் தம்பி என்று.

அடுத்த கிழமை நீதவானுக்கு முன்னால் அடையாள அணிவகுப்பு. ஒன்பது பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஆளைத் தொட்டுக் காட்ட வேண்டும். மற்ற எட்டுப் பேரின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. நேரே போய் ஏழாவது ஆளின் தோளைத் தொட்டேன். பெயர் றொஹான், கொட்டாஞ்சேனை, ஒருகொடவத்தையில் கொள்கலன் ஏற்றி இறக்கும் வேலை என்று பிறகுதான் தெரிந்தது. அவனைத் திரும்பவும் விளக்கமறியலுக்குக் கொண்டு போனார்கள். நான் பெரிய வேலை செய்து முடித்தவள் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

பின்னேரம் இவர் கேட்டார்: "அவ்வளவு கெதியா எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

"படத்தில பாத்த அதே புருவ வெட்டுத்தானே."

"எந்தப் படம்?"

சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அந்த வெட்டை நீர் ஒழுங்கையில கண்டனீரோ, போனில கண்டனீரோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு எப்பவும் கள்ளன்தான் முக்கியம். நான் ரோட்டில விழுந்தது முக்கியமில்லை. நீங்கள் கட்டின கொடி போனதும் முக்கியமில்லை."

"நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது," என்றார். "நீர் சாட்சி. சாட்சிக்கு நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கக் கூடாது. இனி இதைப் பற்றிக் கதைக்க மாட்டன்."

கதைக்கவும் இல்லை. வெள்ளவத்தை முழுவதற்கும் இலவச ஆலோசனை சொல்கிற மனிதரிடம் கட்டின பெண்சாதிக்கு மட்டும் ஒரு சொல் கிடையாது. மூன்று நாள் சோற்றுக் கோப்பையை மேசையில் தொம்மென்று வைத்தேன். சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு நாள் காலையில் அந்த ஒழுங்கைக்கே போய் நின்று பார்த்தேன். நீலச் சட்டை ஞாபகம் வந்தது. கழுத்தில் பட்ட விரல்கள் ஞாபகம் வந்தன. முகத்தை நினைத்தால் போனில் கண்ட படம்தான் வந்தது. கொடி போன அன்று பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியை எடுத்து வாசித்தேன். நீலச் சட்டை, மெலிந்த ஆள், முகம் சரியாகத் தெரியவில்லை. புருவ வெட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒருவனை உள்ளே தள்ளிவிட்டு நான் நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

வழக்கின் அடுத்த தவணையில் எழுந்து நின்று நீதவானிடம் சொன்னேன். அணிவகுப்புக்கு முதல் எனக்குப் படம் காட்டினார்கள், ஒழுங்கையில் கண்ட முகம் இவனுடையதா என்று எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லும்போது, என் வீட்டில் தேத்தண்ணி குடித்த பொலிஸ்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் உள்ளே இல்லை. தான் அங்கே நின்றால் தன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன் என்று ஆகிவிடுமாம். வெளியே வெயிலில் நின்றிருந்தார். "சொல்லிப்போட்டன்," என்றேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. முப்பது வருடத்தில் அந்த மனிதரில் எனக்கு அவ்வளவு அன்பு வந்ததில்லை.

அன்றைக்கே றொஹானுக்குப் பிணை கிடைத்தது. உள்ளே இருந்தது முப்பத்தெட்டு நாள். பிறகு வேறு சாட்சி இல்லை என்று வழக்கிலிருந்தும் விடுவித்தார்கள். அவனா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கொடியும் கிடைக்கவில்லை.

விடுவித்த அன்று நீதிமன்ற வராந்தாவில் அவன் என்னிடம் வந்தான். தாய் புளோறன்ஸ் அவனுக்குப் பின்னால் நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"உள்ளுக்கு இருந்தது கூடப் பரவாயில்ல அன்ரி. நீங்க நேரா வந்து என்னத் தொட்டீங்கதானே. அதுக்குப் பிறகு எங்கம்மா பார்க்க வந்த ஒவ்வொரு தரமும் என்னட்டக் கேட்டாங்க, உண்மையச் சொல்லு மகன், நீதானே எடுத்த என்று."

புளோறன்ஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.