வெள்ளிக்கிழமை மட்டும் காட்டிய வீடு

எங்கள் மட்டாஞ்சேரி வீட்டை விற்க மூன்று வருடம் பிடித்தது. முதல் இரண்டு வருடம் என் கணவர் அதைப் புதுப்பித்தார். மூன்றாவது வருடம், புதுப்பித்ததை மறுபடியும் புதுப்பித்தார். எழுபதுகளின் கடைசி அது. இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து, பழைய வீட்டைக் கொஞ்சம் சரிபண்ணிவிட்டு விற்கப் போகிறோம் என்றால் எனக்குத் தலைவலி ஆரம்பித்துவிடுகிறது.

வீடு என்றால் முழு வீடு அல்ல. பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு பழைய ஓட்டுக் கட்டிடத்தின் மாடி மட்டும். பாகம் பிரித்தபோது என் கணவர் பங்குக்கு வந்தது. கீழ்த்தளம் ஒரு சேட்டுவுக்குச் சொந்தம். அவர் முன்னோர்கள் எப்போதோ வடக்கே கட்ச் பிரதேசத்திலிருந்து வந்த முஸ்லிம்கள். அவர் பேசுவதென்னவோ எங்களைவிட நல்ல மலையாளம். கீழே அவர் வைத்திருந்தது மிளகாய் வற்றல் கிடங்கு. எங்கள் தரை முழுக்க மரப்பலகை. கீழே மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் பலகை இடுக்கு வழியாக நெடி நேராக எங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு வரும்.

நானும் என் கணவரும் தும்மியே பழகிவிட்டோம். எங்கள் பெண்ணால் முடியவில்லை. ஐந்து வயதில் அவளுக்கு இழுப்பு வந்தது. மிளகாய் கிளறுகிற நாட்களில் விளையாட்டை விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். எறணாகுளத்து டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, வீடு எங்கே என்று கேட்டார். சொன்னோம். மருந்து எழுதித் தரலாம், ஆனால் அந்த மாடியில் வைத்துக்கொண்டு குழந்தையைக் குணப்படுத்த என்னால் ஆகாது என்றார். மாடியை விற்றால்தான் அக்கரையில், எறணாகுளத்தில், ஏதாவது வாங்கிக்கொண்டு போக முடியும். வேறு வழி எங்களுக்கு இல்லை.

"கீழே போய் சேட்டுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கோளேன்" என்று நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

"அவர் தொழிலாக்கும் அது. அதுல போய் குத்தம் சொல்லப்படாது, கேட்டயா? எங்கப்பா காலத்துலேருந்து ரெண்டு வீட்டுக்கும் ஒரு முகக்கசப்பு கிடையாது."

ஆபீசில் ஆறு பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர். பதினெட்டுப் படி இறங்கிப் போய் ஒரு வாக்கியம் பேச மாட்டார். பேசாமல் இருப்பதை மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டைப் பார்க்க முதலில் வந்தவர் ஒரு பாங்க் அதிகாரி. நடந்தால் தரை கிரீச்சிடுகிறது, இடுக்கெல்லாம் தெரிகிறது என்று முகத்தைச் சுளித்தார். மறுநாளே ஆசாரி வந்துவிட்டார். மெழுகையும் மரத்தூளையும் குழைத்து இடுக்குகளை அடைத்து, மேலே லினோலியம் விரித்தார்கள். நெடி என்ன செய்தது? மாடிப்படி வழியாக வந்தது. அடுத்து வந்த குடும்பம், குளிக்கப் பின்கட்டுக்கு இறங்கிப் போகவேண்டுமா என்று கேட்டது. மாடியிலேயே குளியலறை கட்டப்பட்டது. மூன்றாவதாக வந்தவர்களுக்கு ஜன்னல் சின்னது. ஜன்னலைப் பெரிதாக்கினார். மிளகாய்க்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் சாய்வு நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டு உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். "எறணாகுளத்துல இப்படி ஒண்ணு கெடைக்குமோ? சொல்லு பார்ப்போம்" என்பார். யாருக்காக இத்தனையும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று என்று நினைத்துக்கொள்வேன். சுவர் சுரண்டிய தூசியும் வார்னிஷ் வாடையும் சேர்ந்து, குழந்தைக்கு இழுப்பு முன்னைவிட அதிகமாகியிருந்தது. குழந்தையைக் காப்பாற்ற வீட்டை விற்க வேண்டும். வீட்டை விற்பதற்காகக் குழந்தையை மூச்சுத் திணற வைத்துக்கொண்டிருந்தோம். இதை அவரிடம் சொன்னால், "இன்னும் ஒரு பத்து நாள்" என்பார்.

ஆசாரியும் கொத்தனும் ஏறி இறங்குவதைப் பார்த்து ஒருநாள் சேட்டு படிக்கட்டுக்கு அடியில் நின்று, பெரிய வேலையோ என்று கேட்டார். "என்தா சாமி, வலிய பணியாணல்லோ?"

"சும்மா, சின்ன மராமத்து" என்றார் இவர். விற்கப்போகிறோம் என்று தெரிந்தால் சேட்டு வருத்தப்படுவாராம். குழந்தை இருமிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு இறங்கியபோது, "மோள்க்கு ஜலதோஷமாணோ?" என்று கேட்டு, அவள் கையில் இரண்டு பேரீச்சம்பழம் கொடுத்தார் சேட்டு. "ஆமா ஆமா, ஜலதோஷம்தான்" என்றார் இவர். நான் பின்னால்தான் நின்றிருந்தேன். எனக்கும் வாய் இருந்தது.

புரோக்கர்தான் அந்த யோசனையைச் சொன்னவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்காகக் கிடங்கை அடைப்பார்கள். மூன்று மணிவரை திறக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் மட்டும் வீட்டைக் காட்டினால் போதும். அப்படியே செய்தோம். வெள்ளிக்கிழமை வந்தால் நான் காலையிலேயே ஈரத்துணியால் தரையைத் துடைத்து, ஊதுவத்தி கொளுத்தி, பன்னிரண்டரைக்குக் கல்யாணப்பெண் மாதிரி வீட்டை நிறுத்திவைப்பேன். குழந்தை பள்ளிக்கூடத்தில் இருப்பாள், அதுவும் வசதிதான். இப்படி நினைத்ததற்கு எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை எறணாகுளத்திலிருந்து வரவேண்டியவர்கள் படகைத் தவறவிட்டு மூன்றே காலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஐந்து பேர். பாதிப் படி ஏறுவதற்குள் கீழே மூட்டை கொட்டிவிட்டார்கள். ஐந்து பேரும் படிக்கட்டிலேயே நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் தும்மினார்கள். என் கணவர் மேல்படியில் நின்றபடி, "இப்பதான் பெருக்கினோம், கொஞ்சம் தூசி" என்றார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய. அவர்கள் மாடியைப் பார்க்காமலே திரும்பினார்கள். நான் சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன். பிறகு அழுதேன்.

கடைசியில் வாங்கியது பம்பாயிலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒரு தம்பதி. வெள்ளிக்கிழமை ஒன்றரைக்கு வந்தார்கள். லினோலியத்தைத் தடவிப் பார்த்தார்கள், குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார்கள். புறப்படும்போது அந்த அம்மாள் என்னைத் தனியாக அழைத்து, "இங்கே தொந்தரவு ஏதாவது உண்டா? பெண்பிள்ளை நீங்கள் சொன்னால் நம்புவேன்" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். வாய் கூசத்தான் செய்தது. என் குழந்தையின் தோள் ஏறி இறங்குவது கண்ணுக்குள் நின்றது, அதனால் சொல்லிவிட்டேன்.

சாமான் ஏற்றுகிற அன்று, கைவண்டிகள் சந்தில் வந்து நின்ற பிறகுதான் சேட்டுவுக்கு விஷயம் தெரிந்தது. அத்தனை வருடத்தில் முதல்முறையாகப் படியேறி மேலே வந்தார். காலியான கூடத்தைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்தினா சாமி போகுன்னது? என்தெங்கிலும் தெற்று பற்றியோ எனிக்கு?"

தன்னால் ஏதாவது தப்பு நேர்ந்துவிட்டதா என்று கேட்கிறார். என் கணவர், "ஏ, அதொன்றுமில்லை, ஆபீசுக்குப் பக்கம்..." என்று ஆரம்பித்தார். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மூன்று வருடம் அடக்கிவைத்தது மொத்தமும் வந்துவிட்டது.

"உங்க மிளகாயாலதான்! குழந்தைக்கு மூச்சு முட்டறது. மூணு வருஷமா இழுப்பு. ஜலதோஷமில்லை அது, உங்க மிளகாய்!"

அவர் மனம் நோக வேண்டும் என்றுதான் கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"கொச்சங்காடியில் எனிக்கு வேறே கிடங்குண்டு மாமி. அவிடே அரியாணு. மிளகாய் அங்ஙோட்டு, அரி இங்ஙோட்டு. ஒரு திவசத்தெ பணி." பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "ஒரு வாக்கு பறஞ்ஞால் போராயிருந்நோ, சாமி?"

மிளகாயை அந்த இன்னொரு கிடங்குக்குக் கொண்டுபோய், அங்கிருக்கும் அரிசியை இங்கே கொண்டுவர ஒரு நாள் வேலை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா என்று கேட்டார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மட்டும் என்ன யோக்கியம்? அந்தப் பதினெட்டுப் படியை நானும்தான் தினம் இரண்டு வேளை இறங்கி ஏறிக்கொண்டிருந்தேன்.

சேட்டு கீழே போனார். சொன்னதோடு நிற்கவில்லை. இனி வருகிறவர்கள் வீட்டுக்கும் குழந்தைகள் வரும் போகும் என்று சுமைக்காரர்களிடம் சொல்வது மேலே கேட்டது. அப்போதே கிடங்குக் கதவை அகலத் திறந்து மூட்டைகளை வெளியே எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் கட்டிலையும் பாத்திரத்தையும் ஏற்றி முடித்தபோது எங்கள் வண்டிகளுக்கு முன்னால் நான்கு மிளகாய் வண்டிகள் நின்றன. சந்து குறுகல், தாண்டிப் போக வழியில்லை. அவற்றுக்குப் பின்னாலேயே நகர்ந்தோம்.

"என்ன மனுஷன் பார்த்தயா!" என்றார் என் கணவர், நெகிழ்ந்துபோய்.

குழந்தைக்கு இழுப்பு ஆரம்பித்திருந்தது. புடவைத் தலைப்பால் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன்.