சராசரி பதினாறு

தோமினிக் சாருக்குக் கல்லூரியில் வேலை கிடைக்கவில்லை. அதனால் கல்லூரியையே எங்கள் உயர்நிலைப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டார். 1963இல், சேலத்தில், பதினோராம் வகுப்பில் இருந்த எங்களுக்கு மாலையில் ஸ்டாடிஸ்டிக்ஸ் வகுப்பு ஆரம்பமானது. பி.எஸ்ஸி. புத்தகம். புரிகிற பக்கத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி நடத்துவார். புரியாத பக்கம் வந்தால், இது பரீட்சைக்கு வராது என்று தாண்டிவிடுவார். அந்த வகுப்புக்குப் பரீட்சையே கிடையாது.

தாண்டிய பக்கங்களையும் விடாமல் படித்தவள் செல்வமேரி ஒருத்திதான். சைக்கிள் கடை சவரியாரின் மகள். கல்லூரிக்குப் போய் இதையே படிக்க வேண்டும் என்று கிடந்தாள்.

ஆண்டு விழாவில் பீற்றிக்கொள்ள சாருக்கு ஒரு கணக்கு வேண்டியிருந்தது. அவளைக் கோயிலுக்கு அனுப்பினார். பங்குச் சாமியாரிடம் தன் கல்லூரி ஆசையைச் சொல்லித் திருமணப் பதிவேட்டை வாங்கி, பெண்களின் கலியாண வயதுக்குச் சராசரி போட்டாள். பதினாறு வந்தது. அந்தக் காலத்தில் பன்னிரண்டில் கட்டிக்கொடுத்தவர்களும் இப்போது இருபதில் கட்டிக்கொடுக்கிறவர்களும் ஒன்றாய்க் கலந்த பதினாறு. இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள் என்று சாரிடம் கெஞ்சினாள். மேடைக்கு ஒரு எண் போதும் என்றார் அவர். விழாவில் தானே கண்டுபிடித்த மாதிரி அதை அறிவித்துக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சவரியார் எழுந்துவிட்டார். மகளுக்குப் பதினேழு. நேரே மேடைக்குப் பின்னால் போனார்.

"அப்ப எம்பொண்ணு சராசரியத் தாண்டிட்டாளுங்களா சார்?"

தாண்டித்தான் விட்டாள் என்று கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார் அந்த மேதை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி ஓட ஆரம்பித்தார் சவரியார். மே மாதத்துக்குள் வாழப்பாடியில் மண்டி வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை வந்துவிட்டான். செல்வமேரி அழுது பார்த்தாள், விளக்கிப் பார்த்தாள். காலேஜ் படித்த சாரைவிட உனக்கு அதிகம் தெரியுமா என்று அடக்கிவிட்டார் அப்பா. சராசரியைக் கடைசித் தேதி என்று நினைக்கிற மடத்தனத்துக்கு ஒரு பட்டதாரி சாட்சி! நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

எங்கள் கோயிலில் கலியாண ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர் எழுந்து சொல்ல வேண்டும். யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. மூன்றாம் ஞாயிறு சாமியார் வாசித்து முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து கல்யாணப் பெண்ணே எழுந்தாள்.

"தடை இருக்குதுங்க சாமி. எனக்குச் சம்மதம் இல்லீங்க."

வீட்டில் சொன்னாயா என்று சாமியார் கேட்டார்.

"சொன்னேனுங்க. சார் போட்ட கணக்கு தப்பாவாதுன்னு அப்பா சொல்லிட்டாருங்க." முன்வரிசையில் இருந்த தோமினிக் சாரை அவள் திரும்பிப் பார்த்தாள். "அந்தக் கணக்கப் போட்டதே நானுங்க."

சார் குனிந்து ஜெபப் புத்தகத்தில் எதையோ தேடினார். சாமியார் ஓலையை இரண்டாக மடித்துவிட்டு, கல்லூரியை எந்த மாதம் திறக்கிறார்கள் என்று சவரியாரைக் கேட்டார்.