வெள்ளைக் கொடியைப் பிடித்துப் போனவன்

கல்முனையில் வழி கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். தொல்லையே அதுதான். யாரைக் கேட்டாலும் "நேர போங்க" என்பார்கள். நேரே போனால் ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கியிருக்கும். பெயர்ப்பலகையைப் படிக்காவிட்டால் அது தெரியாது. கடலுக்கு இறங்கும் குறுக்கு வீதிகளெல்லாம் ஒரே அச்சு.

ராத்தா மவுத்தாகிவிட்டா என்று அவவின் மாப்பிள்ளை, என் மச்சான், கொழும்புக்கு போன் எடுத்துச் சொன்னார். எனக்கிருந்த ஒரே அக்கா அவ. "ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மகன் குவைத்தில. என்ட முழங்கால் ஒங்களுக்குத் தெரியும்தானே. கபுறுல இறக்க நீங்க வரணும். தம்பிதான் இறக்கணும் எண்டு அவ சொல்லித்தான் வெச்சிருந்தா."

வழியில் பஸ் பழுதாகி, கல்முனையில் இறங்கும்போது ளுஹர் பாங்கு சொல்லி முடிந்துவிட்டது. போன் செத்துக் கிடந்தது. அந்த வருடம் பழைய வீட்டு வளவைக் கடல் தின்றுவிட, ராத்தா குடும்பம் கல்முனைக்குடியில் வாடகைக்குப் போயிருந்தது. அந்த வீட்டை நான் பார்த்ததில்லை.

சந்தை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போன ஓட்டோ ஒரு ஒழுங்கை வாசலில் நின்றுவிட்டது. "மவுத்து வூடுதானே? வெள்ளக் கொடி கட்டியிருப்பாங்க. அதப் பிடிச்சிப் போங்க காக்கா" என்றார் ஓட்டோக்காரர். வயர்களில் வெள்ளைக் கொடிகள் தொங்கின. பிடித்துக்கொண்டு ஓடினேன். வளைவில் உடலைச் சுமந்த சந்தூக்கு எதிரே வந்தது. பாய்ந்து தோள் கொடுத்தேன்.

ஜனாஸாவுக்குத் தோள் கொடுப்பவனை யாரென்று நம்மவர்கள் கேட்பதில்லை. போகிறவன் வருகிறவன் எல்லாம் நாலு எட்டுச் சுமந்துவிட்டுத்தான் போவான். பள்ளிவாசலுக்குள் மச்சானைத் தேடினேன். தொப்பிகளும் முதுகுகளும்தான் தெரிந்தன. காலை நீட்டிக்கொண்டு எங்காவது கதிரையில் இருப்பார் என்று நினைத்தேன். "பெண் மையித்து" என்று இமாம் அறிவித்ததும் கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போயிற்று. அந்தத் தொழுகையில் விம்மி விம்மி அழுதேன். அந்த அழுகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மையவாடியில், பெண் என்பதால் கபுறுக் குழிக்கு மேலே மறைப்புத் துணி பிடித்தார்கள். களிசானை மடித்துவிட்டு முன்னே போனேன். மண்மேட்டில் கால் சறுக்கி, இரண்டு கையையும் ஊன்றி எழும்பினேன்.

"நீங்க யாரு?" என்றார் துணி பிடித்தவர்.

"தம்பி. கூடப் பொறந்த தம்பி."

குழிக்குள் நின்ற இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். "எங்கட உம்மாக்குத் தம்பி இல்லியே."

மச்சானின் பெயரைச் சொன்னேன். "யா அல்லாஹ்! அது அடுத்த பள்ளி மஹல்லா. அவங்களும் இப்பதான் எடுத்திருப்பாங்க" என்று ஒருவர் என்னை இழுத்துத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றினார். பாடசாலை விட்ட நேரம். பிரதான வீதி முழுக்க வெள்ளை உடுப்புப் பிள்ளைகளும் வேன்களும். ஹோன் அடித்து அடித்து அவருக்குக் கை ஓய்ந்தது. எனக்கு அந்தப் பிள்ளைகள் மேலும் கோபம் வந்தது. அதுகள் என்ன செய்யும்?

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சனம் கலைந்துகொண்டிருந்தது. கபுறு மேல் பச்சைக் கொப்பு நட்டாயிற்று. பக்கத்து மணலில் மச்சான் இருந்தார். முழங்கால் வரை ஈரமண்.

"ஒங்களப் பாத்துப் பாத்து நிண்டம். இனிச் சுணங்க ஏலா எண்டு ஹஸ்ரத் சொல்லிட்டாரு. நானே இறங்கின."

"எப்படி ஏறின நீங்க?"

"நாலு பேர் தூக்கி எடுத்தாங்க" என்றார். சத்தம் போட்டு ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. என் கைகளைப் பார்த்தார். அந்த மையவாடியில் ஊன்றிய மண் இன்னும் ஒட்டிக் கிடந்தது. அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்ப, மண் போடுற நேரமாவது வந்துட்டீங்கதானே?"

"ஓம் மச்சான்" என்றேன்.