கல்யாணத்துக்கு ஒரு மணிச்செருப்பு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தனலட்சுமிக்குக் கல்யாணம். குவீன்ஸ்டவுனில் புது ஃபிளாட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குப் பக்கத்து வீடு. ஆபீசில் டைப்பிஸ்ட். ஆனால் நான் சொல்ல வந்தது கல்யாணத்தைப் பற்றி அல்ல... அவள் செருப்பைப் பற்றி!

இப்போது எங்கே திரும்பினாலும் பிளாஸ்டிக். அது அலுத்துவிட்டதோ என்னவோ, பழைய பாணி என்று ஒதுக்கிவைத்த, சீன-மலாய்க் கலப்புக் குடும்பத்துப் பெண்கள் போடும் நோன்யா மணிச்செருப்பு திடீரென்று ஃபேஷன் ஆகிவிட்டது. கடுகைவிடச் சின்னக் கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்துத் துணியில் தைக்க வேண்டும். என் கல்யாணத்துக்கு நான் போட்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து தனத்துக்கும் ஆசை.

"கடையில வாங்க மாட்டேன் அக்கா. நானே தைக்கப் போறேன். கல்யாணத்துல எல்லாரும் பாக்கணும்!"

தைத்தாள். மாதக்கணக்கில் தைத்தாள். காலுக்கு ஒரு மயில். தோகையில் எத்தனை பச்சை, எத்தனை நீலம்... அடேயப்பா! முடித்த அன்று அவளைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் அம்மா கேட்டார்: "அதெல்லாம் சரி... கோயிலுக்குள்ள செருப்பு போட்டுக்கிட்டா போவே?"

தனம் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் கிறிஸ்தவள், எங்கள் சர்ச்சுக்குள் செருப்போடு போகலாம். கோயிலில் முடியுமா? இத்தனை மாதமாக ஒருவருக்காவது உறைத்ததா? தனத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாசல்ல விட்டா யாராச்சும் மாட்டிக்கிட்டுப் போயிடுவாங்க லா," என்றார் அம்மா.

"நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

ஆக, பட்டுப்புடவையும் கையில் அட்சதையுமாக, சிராங்கூன் ரோட்டுக் கோயில் வாசலில் நான் செருப்புக் காவல்! வந்தவர்கள் சும்மா போனார்களா? குனிந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். "யாரு தைச்சது?" "பொண்ணேவா?" "எனக்கும் சொல்லிக் குடுக்குமா?" நானும் வாய் ஓயாமல் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று உள்ளே கெட்டிமேளம்! எட்டிப் பார்த்தேன். முதுகுகள்தான் தெரிந்தன.

மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையோடு வெளியே வந்தாள் தனம். முதலில் என்ன கேட்டாள் தெரியுமா?

"எல்லாரும் பாத்தாங்களா அக்கா?"

"பாத்தாங்களாவா! பாதிக் கூட்டம் இங்கதான் நின்னுச்சு!"

சிரித்தாளே ஒரு சிரிப்பு! கையால் செய்த பொருளுக்கு மட்டும்தான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வரும் போலிருக்கிறது. அவள் குனிந்து செருப்பை மாட்டும்போது, கையிலிருந்த அட்சதையை அங்கேயே தலையில் தூவி வாழ்த்தினேன்.

மாப்பிள்ளைதான் பாவம்... அவரை யாரும் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை!